‘ஆல் பாஸ்’ ஆகும் பொருள்களை முதலில் படிக்கக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர்மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள் நாளிதழ்களில் வரும் செய்தியில் யார் யாரைப் பார்த்துக் கத்தினார், யார் வெளிநடப்புச் செய்தார், யார் காலிக் குடத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் இருக்கும். ‘பின்னர் அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன’ என்று கடைசி வரி முடித்துவைக்கும். ஊரின் தண்ணீரும் வாறுகாலும் (கழிவுநீரும் மழைநீரும் ஓடும் தெருவோர வடிகால்) தெருவிளக்கும் அந்தக் கடைசி வரிக்குள்தான் கிடக்கின்றன. தங்கள் நாளிதழையும் சேர்த்தே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகளானாலும், மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளானாலும் கூட்டத்துக்கு முன்பு உறுப்பினர்களுக்குப் பொருள் நிரல் தரப்படுகிறது. ‘அஜெண்டா’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது உறுப்பினர் கைக்குப் போகும் அன்றே அலுவலக அறிவிப்புப் பலகையிலும், குடிநீர்த் தொட்டி அருகிலும், இணையதளத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். ஒவ்வொரு பொருளிலும் அளவும் தேதியும் இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தின் கோரிக்கை இவ்வளவே. ஏன் இப்போது என்றால், ஜூன் பிறந்துவிட்டது. ஜூலைக் கூட்டத்துக்கு மேசைகளில் பொருள்கள் தயாராகும் நேரம் இது.

பொருள் நிரலைப் பார்த்திராதவர்களுக்காக அதன் நடையைச் சொல்கிறேன். ‘தலைமை நீரேற்று நிலையத்தில் உள்ள 15 குதிரைத்திறன் நீர்மூழ்கி மின்மோட்டார் பழுதடைந்ததால், பொதுமக்கள் நலன் கருதி, அவசர அவசியமாகப் பழுது நீக்கிய வகையில் ஏற்பட்ட செலவினத்தைக் குடிநீர் நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு.’ கீழே ஒரு வரி: ‘அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்.’ இதே அச்சில் இருபது, முப்பது, சில மாதங்களில் அதற்கும் மேல் பொருள்கள் வரும். எழுத்தர் எண்ணை மட்டும் வாசிப்பார். ‘ஆல் பாஸ்’ என்று ஒரு குரல் எழும். டீயும் மிக்சரும் வந்துவிடும்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது வினைச்சொல்லின் காலம். ‘பழுது நீக்க’ என்றிருந்தால் வேலை இனிமேல்தான். மன்றம் கேள்வி கேட்கலாம், குறைக்கலாம், ஒத்திவைக்கலாம். ‘பழுது நீக்கிய வகையில்’ என்றிருந்தால் வேலை முடிந்து, பில் வந்து, ஒப்பந்ததாரர் வராந்தாவில் காத்திருக்கிறார் என்று பொருள். அதுதான் பின்னேற்பு. பின்னேற்பு என்றாலே முறைகேடு என்று சொல்லமாட்டேன். மோட்டார் எரிந்தால் மாதக் கூட்டம் வரும்வரை ஊரைத் தாகத்தில் வைக்க முடியாது. அதற்காகத்தான் தலைவருக்கும் ஆணையாளருக்கும் அவசர அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஒரே மோட்டார் ஒரே ஆண்டில் மூன்றாவது முறை அவசரமாக எரிகிறது என்றால், பழுது மோட்டாரில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கப் பொருளில் மோட்டாரின் வரிசை எண்ணும், கடைசியாக எப்போது காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) புதிதாகக் கட்டப்பட்டது என்ற தேதியும் வேண்டும். இன்றைக்கு இரண்டும் எழுதப்படுவதில்லை.

நீர்மூழ்கி மோட்டார் நம் கரையில் அடிக்கடி போவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதாம். மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போய் மற்ற இரண்டில் ஓடுவது. 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 350-க்குக் கீழே இறங்கியும் நிறுத்தாமல் ஓட்டுவது. கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றுவது. உப்பேறிய நீரில் புஷ்ஷும் கேபிள் ஜாயின்டும் அரிப்பது. முதல் மூன்றையும் தடுக்கும் கருவி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே பொருத்தக்கூடியது. சிங்கிள் பேஸ் பிரிவென்டர், வோல்டேஜ் ரிலே, டிரை ரன் ரிலே மூன்றும் சேர்ந்தாலும் ஒருமுறை காயில் கட்டி, மோட்டாரைக் கிரேன் வைத்துத் தூக்கி இறக்கும் செலவைவிடக் குறைவு. பல இடங்களில் இவை பொருத்தப்பட்டே இருக்கும். ‘டிரிப் ஆகிக்கொண்டே (தானாக நின்றுகொண்டே) இருக்கிறது’ என்று இயக்குபவர் அந்தக் கருவிகளை விட்டுவிட்டு ஒயரை நேராகக் கொடுத்திருப்பார். அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. தண்ணீர் வரவில்லை என்று திட்டு வாங்குகிறவர் அவர். மோட்டார் எரிந்ததற்கு யாரும் அவரைத் திட்டுவதில்லை.

நீரேற்று நிலையத்தில் ஒரு லாக் புத்தகம் இருக்கவேண்டும். எத்தனை மணிக்கு ஓட்டினார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று அதில் ஏறவேண்டும். ஆம்பியர் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் மோட்டார் போகப்போகிறது என்று முன்பே தெரிந்துவிடும். மாற்று மோட்டாரை எடுத்துத் தயாராக வைக்கலாம். பின்னேற்புப் பொருளோடு அந்த மாத லாக் பக்கத்தின் நகல் இணைக்கப்படவேண்டும். இன்னொன்று: காயில் கட்டும்போது கழற்றிய பழைய செம்புக் கம்பி நகராட்சியின் சொத்து. எடை போட்டுக் கழிவுப் பொருள் பதிவேட்டில் ஏற்றவேண்டும். பொருளில் எத்தனை கிலோ புதுக் கம்பி என்று வருகிறதோ, ஏறத்தாழ அத்தனை கிலோ பழைய கம்பி பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒரு உறுப்பினர் ஒரே ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது லாரித் தண்ணீர். திருச்சி அருகே காவிரிப் படுகையில் எடுத்து, குழாயிலேயே நம் மாவட்டம்வரை வருகிறது கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், எங்கே மின்சாரம் போனாலும், கடைசியில் இருக்கும் நமக்குத்தான் முதலில் நிற்கும். எனவே லாரி தவிர்க்க முடியாதது. ஆனால் ‘லாரி மூலம் குடிநீர் விநியோகித்த வகையில்’ என்று ஒரே வரியில் ஒரு மாதச் செலவு வரக்கூடாது. லாரி 6,000 லிட்டரா, 9,000 லிட்டரா, 12,000 லிட்டரா. எந்த இடத்தில் நிரப்பியது. எந்தத் தெருவில் எத்தனை நடை என்ற விவரம் நடைச்சீட்டில் இருக்கும், இருக்கவேண்டும். 9,000 லிட்டர் என்றால் 15 லிட்டர் குடத்தில் 600 குடம். 600 குடம் பிடித்தால் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆகவே நடைச்சீட்டில் தெருவாசி ஒருவர் கையெழுத்தும் நேரமும் இருந்தால் போதும், பாதிச் சந்தேகம் தீரும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில் இருந்த அளவு. 70 லிட்டர் கணக்கில் ஒரு 9,000 லிட்டர் லாரி ஏறத்தாழ 128 பேருக்குத்தான் ஆகும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 32 வீடு. ஒரு வார்டுக்கு ‘ஒரு லாரி அனுப்பியாச்சு’ என்று பதில் வரும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லாரி எங்கே நிரப்புகிறது என்பது நம் கரையில் தனிக் கேள்வி. மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், கீழே உப்பு. ஆழமாகப் போர் போட்டோ, இரவு பகலாக இறைத்தோ எடுத்தால் நல்ல கிணறும் உப்பாகிவிடும், அதன்பின் பல மழை பார்த்தால்தான் திரும்பும். குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த உப்பை அளக்கும் பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டர் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. நடைச்சீட்டில் அந்த எண்ணையும் எழுதச் சொன்னால், தனியார் கிணற்றில் எதையாவது நிரப்பி வருவது நிற்கும்.

பிளீச்சிங் பவுடர் ஒவ்வொரு காலாண்டும் வரும் பொருள். இத்தனை கிலோ, இத்தனை ரூபாய் என்று இருக்கும். குளோரின் எத்தனை விழுக்காடு என்று இருக்காது. புதுத் தூளில் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குளோரின் இருக்கும். நம் உப்புக் காற்றும் ஈரமும் பட்டால், வாய் கட்டாத மூட்டையில் அது வாரக்கணக்கில் இறங்கும். 5 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட 1 கிலோ குளோரின் வேண்டும். தூளில் 33 விழுக்காடு இருந்தால் 3 கிலோ. 20 விழுக்காடாக இறங்கிவிட்டால் 5 கிலோ. மூட்டை எப்போது வந்தது என்று தெரியாமல் வழக்கம்போல 3 கிலோ போட்டால் தொட்டியில் சுண்ணாம்புதான் சேரும். தூளை நேரே தொட்டியில் கொட்டுவதும் தப்பு. பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறைத்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். அதன்பின் குறைந்தது அரை மணி கழித்துத்தான் வால்வைத் திறக்கவேண்டும்.

போட்டது சரியா என்பதைக் கடைசித் தெருவின் கடைசிக் குழாய் சொல்லும். அங்கே மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறமே வரவில்லை என்றால் குளோரின் இல்லை. தொட்டியடியில் பார்த்துவிட்டு ‘இருக்கிறது’ என்று எழுதுவது பயனற்றது. வழியில் எங்காவது வாறுகாலுக்குள் ஓடும் குழாய் விரிந்து சாக்கடை கலந்தால், குளோரின் அங்கேயே செலவாகிவிடும். கடைசிக் குழாய்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே கொள்முதல் பொருளோடு, போன மாதம் எந்தெந்தத் தெருக்களில் எந்தத் தேதியில் மீதக் குளோரின் எவ்வளவு என்ற அரைப் பக்க அட்டவணை வரவேண்டும். அமைச்சர் வரும் நாளில் சாலையோரம் வெள்ளைக் கோடு போடுவதற்குப் போகும் தூளும் இதே கணக்கில்தான் எழுதப்படுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதில் ஒரு கொசு செத்ததில்லை.

தெருவிளக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பத்துக்கு எண் இருக்கவேண்டும். பொருளில் அந்த எண் வரவேண்டும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் விளக்கு போகுமுன் கிளாம்ப்பும் போல்ட்டும்தான் துருப்பிடித்துப் போகின்றன. உள்தெருவுக்கு வாங்கும் அதே சாமானை அங்கேயும் மாட்டுவதால் வருவது இது.

‘எந்த நிதியிலிருந்து’ என்ற சொல்லையும் விட்டுவிடாமல் படியுங்கள். நகராட்சியில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்கு உண்டு. நாம் கட்டும் சொத்துவரி இவற்றுக்குப் பிரித்து வைக்கப்படுகிறது; அதோடு வாங்கும் நூலக வரி ரூபாய்க்கு 10 காசு, அது நூலக ஆணைக்குழுவுக்குப் போகவேண்டியது. குடிநீர் நிதியில் பணமில்லை என்று சொல்லும் அதே கூட்டத்தில் சம்பந்தமில்லாத செலவு அந்த நிதியில் ஏறுவதைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டியது உறுப்பினர் கடமை. சொத்துவரியைப் பொறுத்தவரை ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாத முடிவுக்குள் அந்த அரையாண்டுக்குக் கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை, ஊக்கத்தொகை உண்டு. பலருக்கு இது இன்னும் தெரியவில்லை.

பொருள் நிரல் உள் ஆவணம், வெளியே ஒட்ட முடியாது என்று சில அலுவலகங்களில் பதில் வரும். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மன்றங்களும் குழுக்களும் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிடவேண்டும் என்கிறது. ஒட்டாவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுக் கொடுக்கலாம். நகல் கேட்பதைவிட ‘நேரில் பார்வையிட வேண்டும்’ என்று எழுதுவது நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தீர்மானப் புத்தகத்தை மட்டும் கேட்காதீர்கள், அதில் ‘மன்றம் அனுமதித்தது’ என்ற இரண்டு சொல்தான் இருக்கும். லாக் புத்தகம், நடைச்சீட்டு, இருப்புப் பதிவேடு, ‘எம் புக்’ எனப்படும் அளவுப் புத்தகம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிராமங்களுக்குக் கிராம சபை போல, 2022 முதல் வார்டு குழு, பகுதி சபா என்று நகரங்களுக்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. அங்கேயும் இவற்றைக் கேட்கலாம்.

இனி வாறுகால். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாறுகாலும் தாங்காது. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. 5 செ.மீ. மழைக்கே பேருந்து நிலையத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தூர்வாரும் வேலையில் சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்தபிறகு அதை அளக்க முடியாது. அள்ளிய மண் போய்விடும், வாறுகால் வெறுமையாக இருக்கும். அடியில் ஓரடி மண் இருந்ததா ஒன்றரை அடி இருந்ததா என்று யார் சொல்வது? 300 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் மண் என்றால் 54 கன மீட்டர். மண் 0.45 மீட்டர் என்று எழுதினால் அதே இடம் 81 கன மீட்டராகிவிடும். அரை அடி வித்தியாசம், ஒன்றரை மடங்கு பில். ஆகவே வேலை தொடங்குமுன் 30 மீட்டருக்கு ஓரிடத்தில் கம்பியை இறக்கி மண் கனத்தை அளந்து, வார்டு உறுப்பினரும் தெருக்காரர் இருவரும் இருக்கும்போதே அளவுப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். ஒரு டிராக்டர் டிப்பர் சுமார் 3 கன மீட்டர் கொள்ளும் என்று வைத்தால் 54-க்கு 18 நடை. நடைக் கணக்கும் கன மீட்டர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

அள்ளிய சேறு கரையிலேயே கிடந்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே போய்விடும். ஈரம் வடிய ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். ‘மண் அள்ளுதல்’ ஒரு பொருளாகவும் ‘அள்ளிய மண்ணை அகற்றுதல்’ இன்னொரு பொருளாகவும் இரண்டு மாதங்களில் வந்தால், நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கழிவறைத் தொட்டியின் வெளியேற்றுக் குழாயை வாறுகாலில் விட்டிருக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அந்தச் சேற்றில் ஆள் இறங்கக்கூடாது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறக்கினால் 14420 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நம் கரைக்கே உரிய இன்னொரு தொல்லை முகப்பு. வாறுகாலைச் சுத்தமாக வைத்தாலும் கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு அடைத்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? 500 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டத்தில் கட்டிய வாறுகாலில், கடல் அரை மீட்டர் ஏறினால் முகப்பிலிருந்து 250 மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் எதிர்த்து நிற்கும். வாட்டம் சரியாக இல்லாமல் கட்டியிருந்தால் இன்னும் மோசம். ஒருவழிக் கதவு வைக்கலாம். ஆனால் கதவில் மணல் அடைத்தால் அதுவே அணையாகிவிடும், எனவே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) ஓயும்வரை கரையோரத் தெருக்களில் மணல் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கும். ஜூனில் தூர்வாரிப் படம் எடுத்துப் போட்டால் ஆடி முடிவதற்குள் பழையபடி ஆகிவிடும். உள்தெருக்களை முன்னதாகவும் கரையோரத் தெருக்களையும் முகப்பையும் செப்டம்பரிலும் செய்வதே சரி.

செப்டம்பரில் வேலை நடக்கவேண்டும் என்றால் தாள் எப்போது நகரவேண்டும்? ஜூலைக் கூட்டத்தில் மதிப்பீட்டுக்கு மன்ற அனுமதி. ஒப்பந்தப்புள்ளிச் சட்டப்படி 2 கோடி ரூபாய் வரையான வேலைக்கும் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். விளம்பரம், திறப்பு, ஒப்பீட்டுப் பட்டியல் என்று ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஆகிவிடும். குறைந்த விலைப்புள்ளியை ஏற்க ஆகஸ்ட் கூட்டம். காப்புத்தொகை கட்டி, ஒப்பந்தம் எழுதி, வேலை உத்தரவு கைக்கு வர செப்டம்பர் முதல் வாரம். வேலைக்கு மூன்று வாரம். ஒரு கூட்டம் தவறினால் எல்லாம் ஒரு மாதம் தள்ளும். அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், நனைந்த மண்ணை அளக்கவும் முடியாது, அள்ளவும் முடியாது.

ஆகவே ஜூலைப் பொருள் நிரலில் வாறுகால் மதிப்பீடு இருக்கிறதா என்று அந்தந்த வார்டுக்காரர்கள் இப்போதே தங்கள் உறுப்பினரைக் கேட்கவேண்டும். ஜூலையில் வராவிட்டால், அது நவம்பர் கூட்டத்தில் ‘அவசர அவசியமாகத் தூர்வாரிய வகையில்’ என்று வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிப் பணியாளர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.